மேலே வைத்த அட்டை

டிசம்பர் கடைசியில் ஒரு மத்தியானம், சாப்பாட்டு மேசையில் வாக்குத்தத்த அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு நான் ஒரு கள்ள வேலை செய்துகொண்டிருந்தேன். கள்ளம் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. ஊழியம் என்றே நினைத்தேன்.

நான் ஆயர். எங்கள் பக்கத்து ஜனங்கள் வாயில் ஐயரு. திண்டிவனத்தில் ஒரு கோயில், சுற்றுக் கிராமங்களில் நான்கு சின்னக் கோயில்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் ஒருவன், என் பைக் ஒன்று. இந்த வேலைக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது.

எங்கள் சபைகளில் புத்தாண்டு அன்று குடும்பத்துக்கு ஓர் அட்டை உண்டு. ஒரு தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து அடுக்கி ஆயர் பிடித்துக்கொண்டு நிற்பார். பதிவேட்டில் உள்ள வரிசைப்படி குடும்பங்களைக் கூப்பிடுவார். குடும்பத் தலைவர் முழங்காலிட்டு, கண்ணை மூடி, ஓர் அட்டையை எடுத்து ஆயரிடம் நீட்டுவார். அதில் அச்சடித்திருக்கும் வேத வசனத்தை ஆயர் எல்லோரும் கேட்க வாசித்து, தலையில் கைவைத்து ஜெபிப்பார். அந்த வருடம் முழுவதும் கடவுள் அந்த வீட்டுக்குச் சொல்கிற சொல் அதுதான். பீரோ கண்ணாடியில் ஒட்டுவார்கள், பைக் டேங்கில் ஒட்டுவார்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளை பாக்ஸில் வைத்துக்கொண்டு போகும். வருடத்தில் மற்ற நாளெல்லாம் நான் தொண்டை கிழியப் பேசுகிற பிரசங்கத்தை விட இந்த அட்டைக்கு மதிப்பு அதிகம். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

ஆனால் வசனங்களில் எல்லாமே தித்திப்பு இல்லை. நூறு அட்டைக் கட்டில் பத்துப் பன்னிரண்டு கசப்பாக இருக்கும். கண்ணீர், உபத்திரவம், பொறுமை, காத்திரு என்று வரும். அவை வந்தால் முகம் செத்துவிடும். "ஐயரே, வேற ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்பார்கள். இது என்ன காய்கறிக் கடையா, அழுகல் என்று திருப்பிக் கொடுக்க என்று ஒரு காலத்தில் நான் சண்டை போட்டவன்தான். அந்த வருடத் தொடக்கத்தில் ஓர் அம்மாவுக்குக் கண்ணீர் என்று வந்தது. ஆடி மாதம் அவர் தம்பி ரோட்டில் அடிபட்டுப் போய்விட்டார். துக்கம் கேட்கப் போன என்னை வாசலிலேயே நிறுத்தி, "நீங்க படிச்ச வாயிதான ஐயரே அது" என்றார். அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்குப் போகவே கால் கூசியது.

அந்த வருட முடிவில் நான் ரொம்பவும் களைத்திருந்தேன். சாக்குச் சொல்வதற்காகச் சொல்லவில்லை. கார்த்திகையில் கொட்டிய மழையில் ஏரி உடைந்து, எங்கள் கிராமங்களில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தது. ஒரு மாதம் பாய், பால் பவுடர், அரிசி என்று தூக்கிக்கொண்டு அலைந்தேன். அதற்கு நடுவில் சபைக் கமிட்டித் தேர்தல் வந்து, ஒன்றாக ஜெபம் பண்ணுகிறவர்கள் வாட்ஸப்பில் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டார்கள். இளந்தாரிகள் கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்த சில குடும்பங்கள் டிரம்ஸ் அடிக்கிற ஜெபக் கூடத்துக்குப் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் ஏறினால், "கலங்காதீர்கள்" என்று நான் சொல்வது எனக்கே யாரோ பேசுவது போலக் கேட்கும். உள்ளே ஒன்றும் இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

அதனால்தான் அந்த மத்தியானம் கசப்பு அட்டைகளைப் பொறுக்கினேன். பன்னிரண்டு. ரப்பர் பேண்ட் போட்டு மேசை டிராயரில் தள்ளினேன். அதோடு விட்டிருக்கலாம். கண்ணை மூடிக் கை நீட்டுகிறவர்கள் எப்போதும் மேலே இருக்கிற அட்டையைத்தான் எடுப்பார்கள் என்பது இருபத்தாறு வருடத்தில் நான் கண்டுபிடித்த ஒரே ரகசியம். ஒரு சின்னக் கிராமத்துப் பதிவேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முப்பத்தொரு குடும்பத்துக்கும் வரிசையாக அடுக்கினேன். பிள்ளையில்லாத வீட்டுக்குப் பிள்ளை வசனம். கடலூருக்கு வேலைக்கு அலைகிறவனுக்கு வழி திறக்கிற வசனம். வெள்ளத்தில் சுவர் விழுந்த வீட்டுக்கு வீட்டைக் கட்டுகிற வசனம்.

என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "என்ன, ரம்மிக்கு அடுக்கறீங்களா?" என்றாள்.

"ஜனங்களுக்கு ஒரு ஆறுதல் வேணாமா?" என்றேன்.

"ஆறுதல நீங்க சொல்லுங்க. அவரு பேர்ல எதுக்கு சொல்றீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. நியாயமாகப் பேசுகிறவர்கள் மேல் களைத்தவனுக்கு வருகிற கோபம். அடுக்கி முடித்துத்தான் எழுந்தேன்.

அந்தக் கிராமத்தில் ஒரு மேஸ்திரி இருந்தார். கொத்தனார் வேலை, எங்கள் சின்னக் கோயிலின் சுற்றுச்சுவரையும் மணிக்கூண்டையும் கட்டியவர். என்னை விட நான்கைந்து வயது மூத்தவர். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வராது. ஆனால் நூல் பிடிக்காமலே சுவர் நேராக வரும். பத்து வருடமாகச் சர்க்கரை. சாரத்தின் மேல் வெறுங்காலோடு நடப்பார். செருப்புப் போடுங்கள் என்றால், "செருப்பு போட்டா பலக எங்க கீதுன்னு காலுக்குத் தெரியாது ஐயரே" என்பார். அவருக்கு எதை வைப்பது என்று யோசித்து, பாதம் கல்லில் மோதாமல் தூதர்கள் கையில் தாங்கிக்கொள்வார்கள் என்கிற அட்டையை எடுத்தேன். எவ்வளவு பொருத்தம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஜனவரி ஒன்றாம் தேதி காலை எல்லாம் நான் அடுக்கியபடியே நடந்தது. ஓரிரு இடத்தில் வரிசை தப்பியது, மேஸ்திரிக்குத் தப்பவில்லை. முழங்காலிட்டார், கண்ணை மூடினார், மேலே இருந்ததை எடுத்து நீட்டினார். அவருக்கு நான்தான் கண். என் நல்ல குரலில் வாசித்தேன். பாதம் என்ற சொல் வந்ததும் அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். சுண்ணாம்பு அரித்த, வெடித்த கால். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. "என் காலு வரைக்கும் அவருக்கு நெனப்பு இருக்குது ஐயரே" என்றார்.

அன்றைக்குக் கோயிலில் ஒரு முகமும் வாடவில்லை. மழைக்குப் பிறகு அந்த ஜனங்கள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நான் இல்லாத நாளில் அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் வீட்டில் கறிக்குழம்பு போட்டார்கள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு, நானும் சர்க்கரைக்காரன் என்பதால், மறக்காமல் மாத்திரையும் போட்டுக்கொண்டேன். வசனத்தை நம்பி நான் ஒரு நாளும் மாத்திரையை விட்டதில்லை.

பொங்கல் முடிந்து மேஸ்திரியின் சம்சாரம் போன் செய்தார். "ஐயரே, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. இவரு காலு நல்லா இல்ல. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு."

போனேன். வாசலைத் தாண்டும்போதே வாடை வந்தது. மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது காலில் வேட்டித் துணி சுற்றியிருந்தது. ஒரு வேலையிடத்தில் சென்டரிங் பலகை ஆணி குத்தி, குத்தியதே தெரியாமல் நாலு நாள் வேலை செய்திருக்கிறார். சம்சாரம்தான் தரையில் ரத்தக் கறையைப் பார்த்துவிட்டுக் காலைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். துணியைப் பிரித்துக் காட்டினார். பெருவிரல் கறுத்திருந்தது. அதற்குப் பக்கத்து விரலும் நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

முந்தின நாளே திண்டிவனத்தில் டாக்டர் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள், இரண்டு விரலை எடுத்தால் காலைக் காப்பாற்றலாம். மேஸ்திரி அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

"போங்க மேஸ்திரி. டாக்டரும் கர்த்தருடைய கருவிதானே" என்றேன். எத்தனை வீட்டில் சொல்லித் தேய்ந்த வாக்கியம்.

அவர் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவர் போட்ட அட்டையை எடுத்தார். "நீங்கதான படிச்சீங்க?"

"ஆமா."

"காலுக்குன்னு எழுதிக் குடுத்துட்டாரு. நான் போயி வெட்டிக்கினு வந்தா அவர நம்பலன்னு ஆயிடாது? அத வுடுங்க, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. வலியே இல்ல ஐயரே. ஒரு பொட்டு வலி இல்ல. இம்மாம் பெரிய புண்ணுக்கு வலி இல்லன்னா அது என்னா? அவரு தாங்கிக்கினு இருக்காரு."

எனக்கு அந்த வலியில்லாமை என்னவென்று தெரியும். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டால் வலி சொல்ல ஆள் இருக்காது. அதை அவரிடம் சொன்னேன். அவர் பரிவாகச் சிரித்தார். விசுவாசக் குறைவு ஐயருக்கு என்று நினைத்திருப்பார். சம்சாரம் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். மேஸ்திரி, அந்த அட்டையை மேலே வைத்தது நான். ஏழு வார்த்தைகூட இல்லை. சொல்லவில்லை. தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், என்னிடம் நல்ல நல்ல காரணங்கள் இருந்தன. ஒருவரிடம் சொன்னால் முப்பத்தொரு வீட்டிலும் சொன்ன மாதிரி. பிள்ளைக்குக் காத்திருக்கிற பெண் தன் அட்டையை என்ன செய்வாள்? சுவர் விழுந்த வீட்டுக்காரர்? இருக்கிற நம்பிக்கை அவ்வளவுதான், அதையும் பிடுங்குவதா? இப்படியெல்லாம் ஜனங்களுக்காகக் கவலைப்பட்டேன். உண்மையில் எனக்கு என்னைப் பற்றித்தான் பயம். பொய்யன் என்று தெரிந்த ஆயரை யார் துக்க வீட்டுக்குக் கூப்பிடுவார்கள்? ஆறு நாள் ஓட்டினேன். நாளுக்கு இரண்டு தடவை போன் செய்து, போனீர்களா, போனீர்களா என்று கேட்டேன். என் சங்கடத்தைக் குறைத்துக்கொள்ள அவரை விரட்டினேன்.

ஏழாம் நாள் காலை மனைவி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டாள். "மேஸ்திரி போனாரா?"

"இல்ல."

"நீங்க சொன்னீங்களா?"

நான் பைக் சாவியைத் தேடினேன்.

"அவருக்குக் காலு போவப் போவுது. உங்களுக்கு மானம் போவப் போவுது. ரெண்டுல எது திரும்பி வரும்னு யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடினாள்.

யோசிக்கவில்லை. யோசித்தால் எட்டாம் நாளும் வந்துவிடும். டிராயரிலிருந்து அந்தப் பன்னிரண்டு அட்டைக் கட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மேஸ்திரி படுத்திருந்தார். கணுக்கால் வரை வீங்கியிருந்தது, காய்ச்சல். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "மேல உக்காருங்க ஐயரே" என்று சம்சாரம் நாற்காலியை இழுத்தார். வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டேன். எப்படிப் பொறுக்கினேன், எப்படி அடுக்கினேன், எல்லோரும் மேலே இருப்பதைத்தான் எடுப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும், எல்லாம். ரப்பர் பேண்ட் போட்ட கட்டையும் எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன்.

சம்சாரம்தான் முதலில் பேசினார். "எங்கள எல்லாம் கொழந்தைங்கன்னு நெனச்சிக்கினீங்களா ஐயரே? மிட்டாய் குடுத்தா அழுகைய நிறுத்திடுவோம்னு?" குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மேஸ்திரி கோபப்படவில்லை. சட்டைப் பையில் இருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்போ எனக்குன்னு அவரு ஒண்ணும் சொல்லவே இல்லியா?"

வேத பாடம் நான்கு வருடம் படித்தவன் நான். மொழி படித்தேன், வியாக்கியானம் படித்தேன். "தெரியல மேஸ்திரி" என்றேன். பல வருடத்துக்குப் பிறகு ஒரு வீட்டில் உட்கார்ந்து நான் சொன்ன உண்மையான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார் சுவரிடம்.

அன்று அமாவாசை. ஆட்டோ, வேன் எல்லாம் மேல்மலையனூர் அம்மன் கோயில் சவாரிக்குப் போயிருந்தன. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் வருகிறது, வருகிறது என்றார்கள். எதிர்வீட்டுக்காரர் தன் குட்டியானை வண்டியைத் துடைத்து, மஞ்சள் துணி கட்டி, மலையனூருக்கே ஆள் ஏற்றக் காத்திருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு, ஏறி உட்கார்ந்திருந்த நாலைந்து பேரை இறங்கச் சொன்னார். "அங்காளம்மா அடுத்த அமாவாசைக்கும் அங்கதான் இருப்பா. மேஸ்திரிய ஏத்துங்க, ஜல்தி" என்றார். இறங்கியவர்களே பாயோடு மேஸ்திரியைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். நான் பின்னால் உட்கார்ந்து அவர் காலை மடியில் வைத்துக்கொண்டேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி ஊர்ந்தபோது அவர் காலைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை.

விழுப்புரத்தில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா துணியைப் பிரித்ததும் முகம் மாறினார். விரல் கதை முடிந்துபோயிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார். எங்களைத் திரும்பிப் பார்த்து, "இவ்ளோ நாளா வீட்ல வெச்சி என்ன பண்ணிட்டிருந்தீங்க? படிச்சவங்க யாருமே பக்கத்துல இல்லியா?" என்று கத்தினார்.

மேஸ்திரி சம்சாரம் சொன்னார்: "இருந்தாங்க டாக்டர்."

அவ்வளவுதான். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கையெழுத்துக்குப் பதில் அவர் கைரேகை வைப்பதைப் பார்த்துக்கொண்டு நான் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தேன்.

அடுத்த ஞாயிறு அந்தக் கிராமத்துக் கோயிலில் எல்லோரிடமும் சொன்னேன். கமிட்டிச் செயலர் தலையில் அடித்துக்கொண்டார். "இதெல்லாம் மைக்குல சொல்ற விஷயமா ஐயரே? பேஜாரு பண்றீங்களே" என்றார். இரண்டு குடும்பம் அன்றோடு ஜெபக் கூடத்துக்குப் போய்விட்டது, நான் தடுக்கவில்லை. சிலர் அட்டையைக் கொண்டுவந்து தட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். பிள்ளை வசனம் வந்த பெண் மட்டும் திருப்பித் தர முடியாது என்றாள். அவளுக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருந்தது. "நீங்க வெச்சீங்க, செரி. உங்கள வெக்க வெச்சது யாரு?" என்று என்னையே மடக்கினாள். சந்தோஷப்படுவதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் வாதம் சரியென்றால் மேஸ்திரியின் அட்டையையும் அவரே வைக்க வைத்தாரா? அந்தக் கேள்வியை நான் இன்றுவரை தொடுவதில்லை.

என்னை விடுவித்துவிடும்படி மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். இப்போதைக்கு அனுப்ப ஆள் இல்லை, தொடர்ந்து பொறுப்பில் இருக்கவும் என்று ஒன்றரை வரியில் பதில் வந்தது. தண்டனையும் கிடையாது, விடுதலையும் கிடையாது. மறுநாள் காலை வழக்கம்போலப் பைக்கை உதைத்தேன்.

வியாழக்கிழமை தோறும் மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். அவர் என்னோடு பேச மாட்டார். நான் உள்ளே வந்ததும் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டுவார். நானும் உட்கார்ந்து பார்ப்பேன். மாசி, பங்குனி, சித்திரை, மூன்று மாதம் மெகா சீரியல் பார்த்தேன். எந்த மாமியார் எந்த மருமகளுக்கு விஷம் வைத்தாள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஜெபிக்கட்டுமா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை. சம்சாரம் டீ கொடுப்பார், சர்க்கரை இல்லாமல். குடித்துவிட்டு வருவேன். இதில் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வருவேன். நம்பிக்கை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. போகாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

வைகாசியில் ஒரு வியாழன் அவர் டிவியை அணைத்தார். "கோயில் படி மூணு. கக்கத்துக் கட்டைய ஊணி என்னால ஏற முடியாது. சாய்வு போடணும்" என்றார். நாலு மாதத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் பேச்சு. அந்த வாரமே வேலை தொடங்கியது. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார், நானும் உபதேசியாரும் சித்தாள். ஜல்லி சுமந்தேன், கலவை கலந்தேன். "ஐயரே, தண்ணியக் கொட்டாதீங்க. இது என்னா கூழா? ஒரு நேரா இழுங்க, ஒங்க பிரசங்கம் மாரி வளச்சி வளச்சிப் போவாதீங்க" என்று ஊர் பார்க்கத் திட்டினார். என் கையில் சிமென்ட் அரித்துத் தோல் உரிந்தது. திட்டு வாங்கின அந்த மூன்று நாளும் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

மறு டிசம்பர் வந்தது. அட்டை கொடுக்கிற வழக்கத்தையே நிறுத்திவிடலாம் என்று கமிட்டியில் சொன்னேன். அந்தக் கிராமத்திலிருந்து பெண்கள் கிளம்பி வந்துவிட்டார்கள். தப்புப் பண்ணது நீங்க, எங்க அட்டைய ஏன் நிறுத்தறீங்க என்று கேட்டார்கள். நியாயம்தான். புது அட்டைக் கட்டை வாங்கிப் பிரிக்காமலே வைத்தேன். மேஸ்திரி வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த பழைய பன்னிரண்டையும் அதோடு சேர்த்தேன். புத்தாண்டு அன்று கிராமத்தில் எல்லோர் முன்னாலும் கட்டைப் பிரித்து, தட்டில் கொட்டி, கலைக்கச் சொல்லி முதல் வரிசைப் பெண்களிடம் கொடுத்தேன். அரிசி களைவது போலக் களைந்து கொடுத்தார்கள்.

பதிவேட்டின்படி மேஸ்திரி பேர் பத்தொன்பதாவது. கூப்பிட்டேன். வாசலில் அவர் போட்ட சாய்வில் கட்டை ஊன்றுகிற சத்தம் கேட்டது. அதுவரை வெளியே வேப்பமரத்தடியில்தான் இருந்திருக்கிறார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சம்சாரம் பின்னால் வந்தார், ஆனால் பிடிக்கவில்லை. முழங்காலிட முடியாதவர் என் முன்னால் நின்றார். தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்குன்னு பாத்துகீத்து எதையும் வெச்சிடலையே ஐயரே? இன்னும் ஒரு காலுதான் இருக்குது" என்றார்.

கோயில் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. சம்சாரம்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நானும் சிரித்தேன், சிரிக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்க முடியவில்லை, இரண்டு கையிலும் தட்டு.

அவர் கண்ணை மூடினார். மேலே இருந்ததை விட்டுவிட்டு, கையை அடிவரை விட்டுத் துழாவி ஒன்றை உருவினார். என்னிடம் நீட்டினார். தட்டை உபதேசியாரிடம் கொடுத்துவிட்டு வாங்கினேன். ஓரத்தில் ரப்பர் பேண்ட் அழுத்திய தடம் இருந்தது. டிராயரில் கிடந்த பன்னிரண்டில் ஒன்று. இந்த உலகத்தில் துன்பம் உண்டு என்று ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டு, ஆனாலும் மனம் தளராதே என்கிற வசனம்.

என் வாய் தானாக இரண்டாம் பாதிக்குத் தாவப் பார்த்தது. பழக்கதோஷம். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளது உள்ளபடி படிங்க."

படித்தேன். முதல் பாதியையும் படித்தேன். குரல் நன்றாக இல்லை.

மேஸ்திரி அட்டையை என் கையிலிருந்து வாங்கி, தெரியாத எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத நீங்க வெக்கல இல்ல?"

"இல்ல மேஸ்திரி."

"அப்போ இது எனக்குன்னு வந்துது" என்றார். சட்டைப் பையில் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். பிறகு கட்டையை ஊன்றித் திரும்பினார். நான் இருபதாவது குடும்பத்தின் பேரைக் கூப்பிட்டேன்.